எதைச் செய்தாலும் சரியாகிவிடும் கணினி

அடியோடு கெட்டுப்போன கம்ப்யூட்டரால் யாருக்கும் குழப்பமில்லை. பட்டனை அழுத்தினால் விளக்கு எரியாது, விசிறி சுற்றாது, கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் “எஸ்.எம்.பி.எஸ். போயிடுச்சு சார்” என்று தீர்ப்பு வந்துவிடும், பில்லும் வந்துவிடும். மனிதனை வதைப்பது வேறொரு ரகம். விடிய விடிய வீடியோ எடிட் செய்தாலும், பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து நாள் முழுக்க கேம் ஆடினாலும் அது அசராது. மறுநாள் காலை கரண்ட் பில் கட்டலாம் என்று ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும்போது அப்படியே நின்றுவிடும். மவுஸ் நகராது. மூலையில் கடிகாரம் 10.42-ஐத் தாண்டாது. பின்னணியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால், பாடகரின் கடைசித் துணுக்கைப் பிடித்துக்கொண்டு “ட்ட்ட்ட்ட்” என்று விடாமல் அரற்றும். பவர் பட்டனை நான்கு விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துப் போட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து வந்து வரவேற்கும். அடுத்தது நாளைக்கா, அடுத்த வாரமா என்பது அதற்கே தெரியாது. இந்த ரகத்தைப் பற்றி நான் சொல்ல வருவது ஒன்றுதான்: எந்த வைத்தியம் செய்தாலும் இது சரியாகிவிடும். சிக்கலே அதில்தான் இருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சராசரியாக மூன்று நாளுக்கு ஒரு முறை ஹேங் ஆகும் கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி என்பதற்காக அது மூன்றாம் நாள் காலை அலாரம் வைத்து நிற்கப்போவதில்லை. ஒரே நாளில் இரண்டு முறை நிற்கும். பிறகு ஒரு வாரம் சாதுவாக இருக்கும். முன்பின் தொடர்பில்லாமல் இப்படி நிகழ்கிறவற்றுக்குப் புள்ளியியலில் எளிய சூத்திரம் உண்டு. அதன்படி, யாரும் எதையும் தொடாவிட்டாலும் இந்தக் கம்ப்யூட்டர் மூன்று நாள் ஒழுங்காக ஓட நூற்றுக்கு 37 வாய்ப்பு. அதாவது, கேபினெட்டின் மேல் விபூதி பூசியதைத் தவிர நீங்கள் வேறெதுவும் செய்யாவிட்டாலும், மூன்றில் ஒரு பங்குக்குமேல் அது பலித்த கணக்கில் சேர்ந்துவிடும். ஒன்றுக்கும் உதவாத மூன்று வைத்தியங்களை ஒன்றன்பின் ஒன்றாக, தலா மூன்று நாள் தவணை கொடுத்துச் செய்து பார்த்தால், அவற்றில் ஏதாவது ஒன்று பலித்ததாகத் தோன்ற நான்கில் மூன்று வாய்ப்பு. ஆன்டிவைரஸை மாற்றினோம், நிற்கவில்லை. டிரைவரைப் புதுப்பித்தோம், நிற்கவில்லை. மேசையை ஜன்னலோரம் நகர்த்தினோம், நிற்கவே இல்லை. போதாததற்கு, நாம் வைத்தியத்தில் இறங்குவதே ஒரே நாளில் இரண்டு தடவை நின்று வயிற்றெரிச்சலைக் கிளப்பிய பிறகுதான். அப்படிப்பட்ட நாளுக்குப் பிறகு வருகிற எந்தச் சாதாரண வாரமும் குணம் தெரிந்த வாரமாகத்தான் படும். தற்செயலாகவே ஆறு நாள் ஓடும் வாய்ப்பு நூற்றுக்கு 13, 14 ஆகக் குறையும். ஒன்பது நாளுக்குத்தான் அது 5-ஐத் தொடும். ஆகவே என் கட்சி இது: சராசரி இடைவெளியைப்போல் மும்மடங்கு காலம் நிற்காமல் ஓடாதவரை, எந்த வைத்தியத்துக்கும் சான்றிதழ் எழுதக்கூடாது.

எழுதாமல் இருக்க முடிகிறதா என்றால், மனிதனென்ன, புறாவாலேயே முடிவதில்லை. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1948-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், பசித்த எட்டுப் புறாக்களைக் கூண்டிலிட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி வருமாறு வைத்தார். எட்டில் ஆறு புறாக்கள் தமக்கெனத் தனித்தனிச் சடங்குகளை உண்டாக்கிக்கொண்டன. ஒன்று கூண்டுக்குள் இடம்புறமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொன்று மேல்மூலையில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. நம்மூரில் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைக் கீழே நிற்கிறவன் சொல்லுவான். அந்தக் காக்கையே நம்பிவிட்டால் எப்படியிருக்கும் என்பதை ஸ்கின்னர் காட்டிவிட்டார். “பின்பக்க யு.எஸ்.பி.யில் மவுஸைச் சொருகாதீர்கள், அதனால்தான் நிற்கிறது” என்று அடித்துச் சொல்கிற நண்பரைப் பார்க்கும்போது எனக்கு இடம்புறமாகச் சுற்றும் புறாவின் ஞாபகம்தான் வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் மாற்றிச் சொருகினார், தீனி வந்தது.

முதல் ஆட்சேபம் இப்படி வரும்: எதற்கு இத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? பிராசஸரை முழுப் பளுவில் ஒரு இரவு ஓட்டும் சோதனை மென்பொருள்கள்தான் இருக்கின்றனவே. அதில் தேறிவிட்டால் உறுப்பெல்லாம் நலம் என்றுதானே பொருள்? அங்கேதான் இந்த ரகம் ஏமாற்றுகிறது. இலேசான வேலை என்பது நமக்குத்தான் இலேசு. முழுப் பளுவில் ஓடும் பிராசஸர் ஒரே வேகத்தில், ஏறக்குறைய ஒரே வோல்டேஜில் நிதானமாக நிற்கும். நீங்கள் கடிதம் தட்டும்போதோ, இரண்டு எழுத்துகளுக்கு நடுவிலேயே அது தன் கோர்களைத் தூங்கவைக்கிறது. அடுத்த எழுத்து வந்ததும் எழுப்பி, ஒற்றைக் கோரை உச்ச வேகத்துக்கு விரட்டி, அதற்காக வோல்டேஜை ஏற்றி, வேலை முடிந்ததும் மறுபடி படுக்கப்போடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் ஈடுகொடுத்துத் தாங்க வேண்டும். 2013-ல் இன்டெல்லின் ஹாஸ்வெல் பிராசஸர்கள் வந்தபோது, ஆழ்ந்த தூக்க நிலையில் அவை 12 வோல்ட் லைனில் இழுக்கும் மின்சாரம் 0.05 ஆம்பியர் வரை இறங்கலாம் என்றார்கள். முந்தைய தலைமுறைக்கு அந்த எண் 0.5. மின்சாரத்தை அள்ளிக் கொடுக்கவே செய்யப்பட்ட பழைய எஸ்.எம்.பி.எஸ். சிலவற்றுக்கு, இப்படித் துளித்துளியாகக் கேட்டால் கொடுக்கத் தெரியாது. ஏ.எம்.டி. ரைசன் பிராசஸர்களுக்கான மதர்போர்டுகளின் பயாஸில் ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’ என்று ஒரு வரி உண்டு. சும்மா இருக்கும்போது மின்சாரத்தை அளவுக்குமேல் குறைக்காதே என்று கட்டளையிடுவதற்கென்றே வைத்தது அது.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2022-ல் ஏ.எம்.டி.யே ஒப்புக்கொண்ட ஒரு கோளாறு இருக்கிறது: விண்டோஸ் கேட்கும் பாதுகாப்பு வசதியான எஃப்-டி.பி.எம்., மதர்போர்டிலுள்ள ஃபிளாஷ் நினைவகத்தோடு அவ்வப்போது பேசப்போகும். அந்த நேரத்தில் மொத்த கம்ப்யூட்டரும் ஒரு கணம் திக்கும். பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனதில் வீடு நின்றது. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் நிலைகுலைந்த விவகாரம் செய்தியாகவே வந்தது. அதற்கு அந்த நிறுவனம் வெளியிட்ட திருத்தங்களில் ஒன்று, பிராசஸர் சும்மா இருக்கும்போதும் இலேசான வேலையின்போதும் தேவைக்கு அதிகமான வோல்டேஜ் கேட்பதைத் தடுப்பதற்கு. 2025-ல் இன்னொன்று வந்தது. பல நாள் தொடர்ச்சியாக, அதிக வேலையில்லாமல் ஓடும் கம்ப்யூட்டர்களுக்காக. இப்படியிருக்க, முழுப் பளுச் சோதனையில் தேறியதை வைத்து உறுப்பெல்லாம் நலம் என்பது, குற்றம் நடக்காத இடத்தில் விடிய விடியக் காவல் காத்துவிட்டு ஊரில் திருட்டே இல்லை என்று அறிக்கை கொடுப்பதுதான்.

அடுத்த ஆட்சேபம், விண்டோஸ்தான் எல்லாவற்றையும் பதிவு செய்கிறதே, ஈவன்ட் வியூவரைப் பார்த்தால் போதாதா என்பது. பார்க்கலாம். சிவப்புக் குறியோடு ‘கெர்னல்-பவர் 41’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். பலர் அதையே நோயின் பெயர் என்று நம்பி எஸ்.எம்.பி.எஸ். வாங்கிவிடுகிறார்கள். அந்த வரி சொல்வது, கம்ப்யூட்டர் முறையாக அணைக்கப்படாமல் மறுபடி துவங்கியது என்பதை மட்டும்தான். நான்கு விநாடி அழுத்திய உங்கள் கட்டைவிரலை அது உங்களிடமே காட்டிக்கொடுக்கிறது. எழுதவேண்டியவனே நின்றுவிட்ட பிறகு கடைசி நிமிடத்தைப் பதிவு செய்வது யார்? அதைவிட, நின்ற கையோடு கேப்ஸ் லாக்கை ஒரு தட்டு தட்டுவது உபயோகம். அந்தச் சின்ன விளக்கை ஏற்றி இறக்குவது ஆபரேட்டிங் சிஸ்டம். விளக்கு மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது. திரையோ டிஸ்க்கோதான் எதற்கோ காத்திருக்கிறது. பத்து நிமிடம் பொறுத்தால் அதுவாகவே மீளலாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தி கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் உலுக்கியும் பார்க்கலாம். மீண்டுவிட்டால் அப்புறம் பதிவேட்டில் ‘129’ என்ற டிஸ்க் எச்சரிக்கை இருக்கிறதா, டிஸ்க்கின் சொந்தக் கணக்கில் சி.ஆர்.சி. பிழை ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்ப்பதில் அர்த்தமுண்டு; அப்படியானால் நூறு ரூபாய் சொச்சம் போகும் சாட்டா கேபிளை முதலில் சந்தேகிக்கலாம். விளக்கு மாறவே இல்லையென்றால் ஆணிவேரே நின்றுவிட்டது. மின்சாரம், ரேம், பிராசஸர், மதர்போர்டு என்று சந்தேகப் பட்டியல் அந்தப் பக்கம் நகரும். பட்டனை அழுத்தும் அவசரத்தில் நாம் தினமும் அழித்துவிடும் சாட்சி இது.

அனுபவசாலி மெக்கானிக் கை வைத்தாலே தெரிந்துவிடும் என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. ரேமைக் கழற்றி, தங்கமுலாம் பூசிய பல்வரிசையை அழிரப்பரால் தேய்த்து மாட்டுவதைக் கேலி செய்கிறவன் நான் இல்லை. தொடுமுனையில் அழுக்குப் படிந்திருந்தால் அது உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் அதே கையோடு ஃபார்மட் அடித்து, ஆன்டிவைரஸ் ஏற்றி, தூசியும் ஊதி அனுப்பினால், குணப்படுத்தியது எது என்று மெக்கானிக்குக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பேர் ஃபார்மட்டுக்கு, அவ்வளவுதான். தவிரவும், திரும்பி வராத வாடிக்கையாளரெல்லாம் அவர் கணக்கில் குணமானவர்கள். அவர்களில் எத்தனை பேர் வேறு கடைக்குப் போனார்கள், எத்தனை பேர் வாரம் இருமுறை நிற்பதைக் குடும்ப வழக்கமாக ஏற்றுக்கொண்டார்கள் என்று யார் எண்ணுவது? ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள் என்ற ஆலோசனைக்கு மட்டும் பெரிய இடத்து ஆதரவு உண்டு. பின்னாளில் டூரிங் விருது பெற்ற ஜிம் கிரே, டான்டெம் நிறுவனத்தில் இருந்தபோது 1985-ல் கம்ப்யூட்டர்கள் ஏன் நிற்கின்றன என்றே ஓர் அறிக்கை எழுதினார். நன்கு சோதிக்கப்பட்டு வெளியே வந்த மென்பொருளில் மிச்சமிருக்கும் பிழைகள் பெரும்பாலும் தேடிப்போனால் மறைகிற வகை, அதே வேலையைத் திரும்பச் செய்தால் தலைகாட்டாது என்பது அவர் வாதம். ரீஸ்டார்ட் பலிப்பதன் ரகசியம் அதுதான். அது குணப்படுத்துவதில்லை, ஒத்திப்போடுகிறது.

இனி வலுவான ஆட்சேபம். சந்தேகத்துக்குரிய சங்கதிகள் எட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது நாள் என்றால் 72 நாள். அதற்குள் கம்ப்யூட்டரே பழசாகிவிடும் என்பார்கள். நியாயம். ஆனால் எட்டையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொன்னது யார்? நான்கை ஒரேயடியாக மாற்றுங்கள்: பயாஸில் ஆழ்தூக்கத்தை நிறுத்தி, ரேமை அதன் சாதாரண வேகத்துக்கு இறக்கி, டிஸ்க்கின் மின்சிக்கனத்தை அணைத்து, எஃப்-டி.பி.எம்.மையும் அணைத்து (டிஸ்க்குக்கு பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொண்டு) உட்காருங்கள். ஒன்பது நாள் ஓடினால் குற்றவாளி அந்த நால்வரில் ஒருவன். இரண்டை மட்டும் பழையபடி வையுங்கள். நடுவிலேயே நின்றுவிட்டால் இன்னும் விசேஷம், மற்ற நால்வரின் பக்கம் அன்றைக்கே திரும்பிவிடலாம். மூன்று சுற்றில் எட்டும் ஒன்றாகிவிடும். மிஞ்சிப்போனால் 27 நாள். நிற்பதில்லை என்று நிரூபிக்க ஒன்பது நாள் பிடிக்கும், நிற்கிறது என்று நிரூபிக்க ஒரு நொடி போதும் என்பதால் பெரும்பாலும் அவ்வளவுகூட ஆகாது. எல்லாக் கோளாறும் முறையில்லாமல் வருவதில்லையே என்றும் கேட்கலாம். உண்மைதான், நின்ற நேரத்தையெல்லாம் நோட்டுப் போட்டு எழுதி வைக்கவேண்டும் என்பதே அதற்காகத்தான். குருஷியல் எம்4 என்ற எஸ்.எஸ்.டி. மொத்தம் 5184 மணி நேரம் ஓடியதும் பதிலளிக்காமல் போய்விடும். அணைத்துப் போட்டால் அதன்பின் மணிக்கொரு தரம் அதே கதை. 2012 ஜனவரியில் ஃபர்ம்வேர் திருத்தம் வரும்வரை எத்தனை ரேம்கள் அநியாயமாகத் தேய்க்கப்பட்டனவோ! நின்ற நேரத்தை எழுதி வைத்தவருக்கு அந்த மணிக்கணக்கு கண்ணில் பட்டிருக்கும். புதிதாக ஒன்றை வாங்கிவிட்டுப் போகலாமே என்கிற வசதிபடைத்தவர்களுக்கு என் வாழ்த்துகள். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் புதுக் கேபினெட்டுக்குள் மாட்டிவிடாமல் இருந்தால் சரி.

கடைசியாக, எல்லோருக்கும் பழக்கமான அந்த வசனம்: “எங்க கடையில நல்லாத்தான் சார் ஓடுது.” கடைக்காரரின் மேல் கோபப்படுவதில் பயனில்லை. நாளுக்கு எட்டு மணி நேரம் பயன்படும் கம்ப்யூட்டர் மூன்று நாளுக்கொரு முறை நிற்கிறது என்றால், அவர் மேசையில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டால் அது நிற்காமலிருக்க நூற்றுக்கு 92 வாய்ப்பு. அவர் உண்மையைத்தான் சொல்கிறார். அவர் பார்த்ததும் முழுப் பளுவில், வேறொரு பிளக்கில், வேறொரு மானிட்டரோடு. ஒரே ஒரு வங்கிப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒன்பது நாள் வேடிக்கை பார்க்க எந்தக் கடையிலும் மேசை காலியாக இருக்காது. இருந்தாலும் அதற்கு என்ன கூலி கேட்பது என்று அவருக்குத் தெரியாது. அந்த உத்தியோகம் சொந்தக்காரர் தலையில்தான் விழும். ஆகவே கேபினெட்டோடு ஒரு தாளையும் கொண்டுபோகலாம்: நின்ற தேதி, மணி, திறந்திருந்தது என்ன, கேப்ஸ் லாக் விளக்கு மாறியதா, எதை மாற்றிய பிறகு எத்தனை நாள் ஓடியது. வாரன்டி கேட்கப் போகிறவர்களுக்கு அது கூடுதலாக உதவும். அந்த 13, 14-ஆம் தலைமுறைப் பிராசஸர்களுக்கு இன்டெல் வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டித்திருக்கிறது. தாளை வாங்கிப் படித்துவிட்டுக் கடைக்காரர், “எதுக்கும் ஒரு ஃபார்மட் அடிச்சுப் பாத்துடலாமே சார்” என்பார். அடிக்கட்டும். தாளில் அன்றைய தேதியைப் போட்டு அதையும் எழுதிக்கொள்ளலாம்.