வாண்டடாகக் கற்போம் ‘வாண்ட்’

வாருங்கள், உட்காருங்கள். நோட்டுப் புத்தகம் வேண்டாம். ‘வாண்ட்’ என்பது நாலே நாலு எழுத்துச் சொல். அதை நீங்கள் ஏற்கெனவே தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் ஒரு தயக்கத்தோடு சொல்கிறீர்கள். அந்தத் தயக்கத்தைப் போக்குவதுதான் என் வேலை.

1. முதலில் சொல்லின் பிறப்பைக் கண்டுபிடியுங்கள். நம் ‘வேண்டு’ தான் வெள்ளைக்காரன் வாயில் ‘வாண்ட்’ ஆயிற்று என்று குடும்ப வாட்ஸப் குழுவில், காலை ஐந்தரைக்கு, ரோஜாப்பூப் படத்தோடு போடுங்கள். யாராவது ஒரு மருமகன் அகராதியைத் தூக்கிக்கொண்டு வருவான். அது பழைய நார்ஸ் மொழியின் ‘வன்ட்டா’, ‘இல்லாமல் இருப்பது’ என்று பொருள், 1200 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தது என்பான். பதில் சொல்லாதீர்கள். அதே செய்தியை மறுநாளும் அனுப்புங்கள்.

2. பழைய பொருளை மறந்தும் தெரிந்துகொள்ளாதீர்கள். பல நூறு வருஷம் ‘வாண்ட்’ என்றால் இல்லாமை, குறை. ஆசை என்ற பொருள் 1700-களில்தான் கால் ஊன்றியது. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் 23-ஆம் சங்கீதத்தில், மேய்ப்பர் இருக்கையில் தனக்கு ‘வாண்ட்’ இராது என்கிறார் பாடுகிறவர். தமிழ் பைபிள் அதைத் ‘தாழ்ச்சி’ என்று சரியாகப் பிடித்திருக்கிறது. நீங்கள் பிடிக்காதீர்கள். மேய்ப்பரே வேண்டாம் என்கிறார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டரிடமே காரணம் கேளுங்கள்.

கோர்ட்டில் இந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் வழக்கு ‘ஃபார் வாண்ட் ஆஃப் ப்ராசிக்யூஷன்’ தள்ளுபடி ஆகிவிட்டது என்று வக்கீல் ஒரு தாளை நீட்டுவார். எதிராளி ஆசைப்பட்டான், ஜட்ஜ் தள்ளிவிட்டார் என்று புரிந்துகொண்டு மிச்ச ஃபீஸையும் கொடுத்துவிட்டு வாருங்கள். வழக்கை நடத்த உங்கள் தரப்பில் யாரும் ஆஜராகவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். யாரும் என்றால், அவர்தான்.

3. மரியாதையை வெட்டுங்கள். தமிழில் நமக்கு ஆசையில் பொறுப்பே கிடையாது. ‘எனக்குக் காபி வேண்டும்’ என்றால் காபிதான் எழுவாய். நாம் ஒரு ‘கு’ உருபைப் பிடித்துக்கொண்டு நாலாம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறோம். காபி வந்தால் வரட்டும். ஆங்கிலத்தில் ‘ஐ’ முன்னால் வந்து மார்பைத் தட்டுகிறது. அதனால்தான் லண்டன்காரன் அந்தச் சொல்லைக் கடையில் கூடியவரை தவிர்த்து, ‘ஐ உட் லைக்’, ‘குட் ஐ ஹேவ்’ என்று சுற்றிச் சுற்றி வருகிறான். நீங்கள் ஏன் சுற்ற வேண்டும்? ‘ஐ வாண்ட் காபி’. ப்ளீஸ் போடாதீர்கள், காபி ஆறிவிடும். எதிரில் இருப்பவர் பணிவாக, ‘ஐ வாண்டட் டு ஆஸ்க்’ என்று இறந்தகாலத்தில் தொடங்கினால், நேற்று ஆசைப்பட்டதற்கு இன்றைக்கு ஏன் வந்தீர்கள் என்று கேளுங்கள்.

4. ‘ஐ யாம் வாண்டிங்’ என்றே சொல்லுங்கள். மன நிலையைக் காட்டும் வினைக்கு ‘இங்’ ஆகாது என்று டீச்சர் குறுக்கிடுவார். ஒரு பர்கர் கம்பெனி 2003-லிருந்து ‘லவ்’வுக்கே ‘இங்’ போட்டு உலகம் முழுக்க வியாபாரம் செய்கிறது என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

5. இதுதான் பாடத்தின் உச்சம், கவனியுங்கள். ‘வாண்ட்’ என்றால் வேண்டும். ‘வோன்ட்’ என்றால் மாட்டேன். இரண்டுக்கும் நடுவே வாயை ஒரு தினுசாகத் திறந்தால், இரண்டுமே கேட்கும். வீட்டில் கண்ணாடி முன் பழகுங்கள். சனிக்கிழமை இரவு மேலதிகாரி போன் செய்து, ஞாயிறு ஆபீசுக்கு வருவீர்களா என்பார். அந்த நடுவாய் ஒலியோடு, ‘சார், ஐ வோ…ண்ட் கம்’ என்று சொல்லிவிட்டு, சிக்னல் இல்லை என்று போனை வைத்துவிடுங்கள். ஆசையாக இருக்கிறான் என்று அவர் நினைப்பார். மறுத்துவிட்டோம் என்று உங்கள் மனசாட்சி தூங்கும். திங்கட்கிழமை இருவரும் உண்மையே பேசுவீர்கள். ஒரே எச்சரிக்கை: இதை மெயிலில் எழுதிவிடாதீர்கள். எழுத்தில் ஒரு பக்கம் நின்றாக வேண்டும்.

6. பிரிட்டிஷ் நண்பர் உங்கள் இருமலைக் கேட்டுவிட்டு, ‘யூ வாண்ட் டு சீ எ டாக்டர்’ என்றால், ‘நோ, ஐ டோன்ட் வாண்ட்’ என்று மறுத்துவிடுங்கள். டாக்டரைப் பார்ப்பது நல்லது என்கிறார் பாவம். ‘நீ டாக்டரைப் பார்க்க வேண்டும்’ என்று நாமும் அதே சொல்லால்தான் அதட்டுகிறோம். இந்த ஒரு இடத்தில் தமிழன் பாடமே படிக்காமல் பாஸாகியிருக்கலாம். ஆகவே விடக்கூடாது.

7. கடைசியாக, நம் சொந்தத் தயாரிப்பு: ‘வாண்டட்லி’. லண்டனில் இது விலைபோகாது; அங்கே வேறு சொற்கள் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் ‘வேண்டுமென்றே’ இருந்தது. அதைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கி ஆங்கிலத்தில் வைத்தோம். பிறகு அதுவே ‘வாண்டடா வம்புக்கு வர்றான்’ என்று வேட்டி மடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டது. புகார் எழுதும்போதெல்லாம் ‘ஹி வாண்டட்லி டிட் இட்’ என்று எழுதுங்கள். படிப்பவருக்குப் புரியாவிட்டால், அவர் வாண்டட்லி புரியாத மாதிரி நடிக்கிறார் என்று இரண்டாவது புகார் கொடுங்கள். இதே வேகத்தில், பக்கத்து சீட்காரர் வழுக்கி விழுந்தால் ‘உனக்கு நல்லா வேணும்’ என்பதையும் பெயர்த்துவிடலாம்: ‘யூ வாண்ட் வெல்’. அவர் நன்றி சொல்வார்.

வகுப்பு முடிந்தது. ஃபீஸ் உண்டா என்று தயங்குகிறீர்கள். ஃபீஸா? ஐ வோ…ண்ட் எனி ஃபீஸ். வாயை எவ்வளவு திறந்தேன் என்று கவனித்தீர்களா? கவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போங்கள்.