ஒரே வாத்தியார்

ஓசூர் தொழிற்பேட்டையில் உடன் வேலை பார்க்கும் கன்னட நண்பர், கவிராஜமார்க்கம் என்ற பழைய கன்னடக் கவிதையியல் நூலைச் சொல்லி மார்தட்டுகிறார். அது வடமொழி நூலின் நகல்தானே? (வாசகர், ஓசூர்)

அந்த வடமொழி நூலை எழுதிய தண்டி எந்த ஊர்க்காரர்? பல்லவர் காலக் காஞ்சிபுரம்!

நகல் என்பது அநியாயம். 9-ஆம் நூற்றாண்டில் இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் அவையில் ஸ்ரீவிஜயர், தண்டியின் அந்தக் 'காவியாதர்ச'த்தைக் கன்னடத்துக்குத் தக்கபடி வளைத்துக் கவிராஜமார்க்கம் ஆக்கினார். தண்டி சொன்ன வைதர்ப்பம், கௌடம் என்ற இரு கவிதை நடைகளும் அவரிடம் தெற்கு மார்க்கம், வடக்கு மார்க்கம் ஆயின. வடமொழிக் கவிதைக்குக் கட்டாயமில்லாத இரண்டாம் எழுத்து எதுகையைத் தூக்கிப்பிடித்தார். தமிழ்ச் செய்யுளுக்கும் அதுதானே அழகு! பொருந்தாத வடசொல் கலப்பையும் கண்டித்தார்.

தமிழில் அதே தண்டி 12-ஆம் நூற்றாண்டுத் 'தண்டியலங்காரம்' என்ற அணியிலக்கண நூல் ஆனார்.

நண்பரோடு சண்டை வேண்டாம்; இருவருக்கும் ஒரே வாத்தியார்.