குதிரையில் பால் கறக்கலாமா?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு என் பள்ளிக்கால நண்பன் ஓவியம் வரையத் தொடங்கியிருக்கிறான். அவன் வரைந்த குதிரையைக் கேலி செய்து நாலு வரி எழுதி, அவனுடைய அறுபதாம் கல்யாணத்தில் படிக்க ஆசை. படிக்கலாமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் அவரிடம் தனியாகப் படித்துக் காட்டுங்கள். சிரித்தால் மண்டபத்தில் படியுங்கள். முகம் சுருங்கினால் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பந்திக்குப் போய்விடுங்கள். மாதிரிக்கு ஒன்று:

கால்நான்கும் எண்ணிவைத்தாய், காதிரண்டும் தீட்டிவைத்தாய்,
வாலொன்றை ஏன்தானோ வானத்தில் விட்டுவிட்டாய்!
பால்கறக்கச் செம்பெடுத்தேன், பதறிவந்து நீசொன்னாய்:
"மேலெழுத்தைப் பாரப்பா, மெய்யாக இதுகுதிரை!"

இதில் கேலி குதிரையோடு நிற்கிறது. 'இந்த வயசுல உனக்கு எதுக்குடா பிரஷ்?' என்று ஒரு வார்த்தை சேர்ந்தாலும் நண்பர் மறுநாள் அதைத் தொடமாட்டார்.

கேள்வி: ஊரே சிரித்தும் உருப்பட்ட ஓவியர் யாராவது உண்டா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: ஆன்றி ரூசோ. பாரிஸ் நகருக்குள் வரும் சரக்குக்கு வரி வாங்கும் ஊழியர். யாரிடமும் முறையாகக் கற்காமல் வரைந்தார். 1886 முதல் கண்காட்சிகளில் படம் வைத்தார். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தன்னைக் கிண்டலடித்த பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி ஆல்பத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார் மனிதர். அந்த நெஞ்சுரம் எனக்கு அவர் ஓவியங்களைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

1908இல் பழைய சாமான் கடையொன்றில் அவர் வரைந்த ஒரு பெண்ணின் படத்தைப் பிக்காசோ 5 பிராங்குக்கு வாங்கினார். அதே ஆண்டு தன் ஓவியக்கூடத்தில் ரூசோவுக்கு விருந்தும் வைத்தார். சொல்லிவைத்த சாப்பாடு நேரத்துக்கு வரவில்லை. விளக்கிலிருந்து மெழுகு உருகித் தலையில் சொட்டியும் ரூசோ பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாராம். கவிஞர் அப்போலினேர் எழுந்து, ரூசோ மெக்சிகோவில் கண்ட காடுகளைப் பற்றிக் கவிதை படித்தார். ஆனால் ரூசோ பிரான்ஸைத் தாண்டியதே இல்லை! காட்டுச் செடிகளை அவர் பார்த்ததெல்லாம் பாரிஸ் தாவரவியல் பூங்காவில்தான். அந்த விருந்து மரியாதையா, கேலியா என்று இன்னும் வாதாடுகிறார்கள். இரண்டும்தான் என்பது என் கட்சி.

1910இல் ரூசோ இறந்தார். அவர் கல்லறைக்கும் பாட்டு எழுதியவர் அதே அப்போலினேர்தான். சொர்க்க வாசலில் எங்கள் மூட்டைகளை வரி வாங்காமல் விட்டுவிடு, உனக்குத் தூரிகையும் வண்ணமும் கொண்டு வருகிறோம் என்று அதில் கேட்கிறார். வரி வசூலித்தவரிடம் இப்படி ஒரு விண்ணப்பம்! கிண்டலும் கண்ணீரும் ஒரே வரியில் நிற்கின்றன. அந்தப் பாட்டைக் கல்லில் செதுக்கியவர்களில் ஒருவர் சிற்பி பிரான்குஷி. ரூசோவின் 'தூங்கும் ஜிப்சி'யை அவர் சொந்த ஊரான லவாலின் மேயர் வேண்டாம் என்றார். இன்று அது நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேள்வி: காளமேகம் பாடாத வசையா? நாம் பாடினால் மட்டும் குற்றமா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அவர் யாரை வம்புக்கு இழுத்தார் என்று பாருங்கள். கோயில் சாமிகளை; நாகப்பட்டினத்தில் சோறு போடத் தாமதித்த காத்தான் சத்திரத்தை. தாங்கக்கூடிய தோள் பார்த்து ஏற்றினார். நேற்றுத்தான் பென்சில் பிடித்தவரின் தோள் அப்படிப்பட்டதல்ல.

கேள்வி: என் பத்து வயது மகள் வரைந்த மயிலைப் பார்த்து, 'கோழி கோழி' என்று வீட்டில் எல்லோரும் பாட்டுக் கட்டிச் சிரித்தோம். இப்போது அவள் வரைவதே இல்லை. என்ன செய்ய?
- ஒரு தாய், திருச்சி

பதில்: அந்தப் பாட்டை இன்றோடு நிறுத்துங்கள், அம்மா. இன்று மாலை தாளும் வண்ணப் பென்சிலும் எடுத்து வைத்து, வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு மயில் வரையுங்கள். பாட்டுக் கட்டும் வேலையை மகளிடம் கொடுங்கள். அவள் என்ன பாடினாலும் கைதட்டுங்கள்.