கரடி ஒண்ணுக்கு 250 ரூபிள்

ஏலே, அந்தப் போனத் தள்ளி வச்சிட்டு இங்க வந்து ஒக்காரு. நேத்து ஒரு காடு வரைஞ்சு காட்டுனியே, நல்லாத்தாம்லே இருந்துச்சு. பச்சையா இருந்துச்சு. என்ன மரம்னு கேட்டதுக்கு, "மரம்தான் தாத்தா"ன்ன. ஒங்க ஆச்சி பக்கத்துல இருந்தா, நான் வாய மூடிக்கிட்டேன்.

ரசியாவுல இவான் ஷிஷ்கின்னு ஒருத்தன் இருந்தான். அவுக பாசையில 'ஷீஷ்கா'ன்னா பைன் மரத்துக் காய். பேருலயே காய் தொங்குது, பொறவு மனுசன் காட்ட விட்டு எங்க போவான்? 1832ல, காமா ஆத்தங்கரை எலபூகாவுல, வியாபாரி வீட்டுல பொறந்தவன். கசான்ல படிக்கப் போட்டா, இதப் படிச்சுச் சர்க்கார் குமாஸ்தாவாத்தான ஆவணும்னு பாதியில வந்துட்டான். நீயும் பாதியில வந்தவந்தான், அது வேற கணக்கு. நாலு வருசம் வீட்டுல கெடந்த பெறவு, 1852ல மாஸ்கோவுக்கு ஓவியம் படிக்கப் போனான்.

அந்த ஊரு பைன் மரம் கீழ சாம்பலும் பழுப்புமா, பட்டை தடிச்சு வெடிச்சிருக்கும். மேல போகப் போகத் தோலு மெலிஞ்சு, கங்கு மாரி செவந்துரும். இவன் படத்துல அடிமரத்த மட்டும் காட்டுனாக்கூட இது பைனுன்னு சொல்லிரலாம். பார்கலோவோங்குற எடத்துல வெறும் களைச்செடிக்கு முன்னால ஒக்காந்து, எலை எலையா வரைஞ்சு வச்சிருக்கான். நீயா இருந்தா அதுமேல நின்னு செல்பி எடுத்துருப்ப.

போட்டோ மாரி இருக்கு, உசிரு இல்லன்னு ஏசுனவுகளும் உண்டு. அவுக சொல்லுததுலயும் கொஞ்சம் ஞாயம் இருக்குலே. செல படத்துல எலைய எண்ணி எண்ணி, காத்து போக வழியில்லாமப் பண்ணிட்டான். ஆனா போட்டோவ அவன் வெறுக்கல. படிக்க வந்த பயலுவள அதப் பாத்துப் பழகச் சொன்னான். பாக்கத்தாம்லே சொன்னான், பட்டனத் தட்டி நெறம் மாத்தச் சொல்லல.

இப்ப அந்தப் பேர்போன படத்துக்கு வருவோம், 'பைன் காட்டில் காலை', 1889. உச்சியில வெயிலு, கீழ பள்ளத்துல மூடுபனி, நடுவுல ஒடிஞ்சு விழுந்த மரம். அதுமேல கரடிக் குடும்பம் ஏறி வெளையாடுது. குட்டி ஒண்ணு மட்டும் தனியா நின்னு பனியப் பாக்கு. காடு பூரா ஷிஷ்கின் கைவேல. கரடி மட்டும் கூட்டாளி சவீத்ஸ்கி போட்டது! நாலாயிரம் ரூபிளுக்குப் போச்சு, கால் பங்கு சவீத்ஸ்கிக்கு. கரடி நாலு, துட்டு ஆயிரம். தலைக்கு 250 ஆச்சா? ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தாக. வாங்குன த்ரெத்யாகோவ், இந்தக் கை ஷிஷ்கின் கைதான்னு சவீத்ஸ்கி பேர அழிச்சிட்டாரு.

வேடிக்கையக் கேளு. ஊரே அந்தப் படத்துக்கு 'மூணு கரடி'ன்னு பேரு வச்சிருக்கு. சாக்லேட் காகிதத்துலயும் அந்தக் கரடிதான். நாலு கரடிய மூணுன்னு எண்ணுத சனம், பின்னால இருக்க மரத்தையா எண்ணப் போவுது? அதுக்காவ அவன் ஒரு கொப்பக்கூடக் கொறைக்கல.

கடேசியா முடிச்ச பெரிய படமும் சொந்த ஊருப் பக்கத்துப் பைன் தோப்புத்தான், 'கப்பல் தோப்பு', 1898. பாய்மரத்துக்கு ஆவுத மாரி நெட்டு நெட்டா நிக்கும். அதே வருசம் அடுத்த படத்துக்கு முன்னால ஒக்காந்திருக்கயிலயே உசிரு போயிட்டு.

ஒனக்கு அம்புட்டுப் பொறும கெடையாது, தெரியும். அதனால ஒரு யோசன சொல்லுதேன். நீ மரத்தப் போடு, எந்த மரம்னு மொதல்ல எங்கிட்டக் கேட்டுக்க. நான் ரெண்டு ஆடு போட்டுத் தாரேன். எம்பேர வேணும்னா அழிச்சிக்க, கால் பங்க மட்டும் ஆச்சிக்குத் தெரியாம எங்கையில குடுத்துரு.