பாஸ் மார்க் நாற்பது

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு தேற 35 மார்க் போதும். இன்னொரு தேர்வு இருக்கிறது, அதில் பாஸ் மார்க் 40. அதற்குக் கைடு கிடையாது, டியூஷன் கிடையாது. மறுகூட்டல் கேட்டால் முறைப்பார்கள். பிள்ளைக்கு ஊனம் எத்தனை சதவீதம் என்று மருத்துவக் குழு மார்க் போடும் தேர்வு அது. ‘சாமி, என் பிள்ளைக்கு ஊனத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடவை’ என்று பெற்றவள் வேண்டிக்கொண்டு போகும் ஒரே தேர்வும் அதுதான். 40 வந்துவிட்டால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 6 வயதிலிருந்து 18 வயது வரை இலவசக் கல்வி. பக்கத்துப் பள்ளியிலும் படிக்கலாம், வேண்டுமென்றால் சிறப்புப் பள்ளியிலும் படிக்கலாம். 39 வந்தால், "அடுத்த கேம்ப்ல பாக்கலாம்மா."

அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை அளக்கும் முறை இன்னும் விசேஷம். ஒரு கேள்விப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். தானாகச் சாப்பிடுவானா? கை கழுவித் துடைத்துக்கொள்வானா? தனியாகக் கடைக்குப் போய்வருவானா? பதில் சொல்ல வேண்டியவர் பெற்றவர். அந்தப் பதில்களைக் கூட்டிக் கழித்து ஒரு புள்ளி வரும். 2018இல் மத்திய அரசு அரசிதழில் போட்ட அட்டவணைப்படி, புள்ளி 69 என்றால் ஊனம் 50 சதவீதம். 70 ஆகிவிட்டால் 25 சதவீதம். ஒரு புள்ளி கூடியதும் பாதி ஊனம் பறந்துவிடுகிறது. பழனிக்குக் காவடி எடுத்தாலும் இவ்வளவு சீக்கிரம் குணமாகாது.

தென்மாவட்டம் ஒன்றில், வட்டார வள மையத்தில் நடந்த முகாம். ஒன்பது வயதுப் பையன், பக்கத்தில் அம்மா. "சட்டைப் பொத்தான் போடுவானாம்மா?" என்று கேட்டார் கேள்விப் பட்டியலோடு இருந்தவர். அந்த அம்மா அதைச் சொல்லிக்கொடுக்கவே ரெண்டு வருஷம் பிடித்திருக்கிறது. முதலில் அவன் அப்பாவின் பழைய சட்டையில் பெரிய பொத்தானாகத் தைத்துவைத்து, பிறகு கொஞ்சம் சின்னதாக, அப்புறம்தான் யூனிஃபார்ம் பொத்தான். என்ன பதில் சொல்வதென்று அவர் மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோதே பையன் எழுந்து நின்றான். மேலிருந்து கீழாக அத்தனை பொத்தானையும் கழற்றினான். கீழிருந்து மேலாக ஒன்று விடாமல் போட்டான். போட்டுவிட்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துச் சிரித்தான். எதிரே இருந்தவர் பேனாவால் ஒரு டிக் அடித்தார். அந்த டிக்குக்கு என்ன விலை என்பது அம்மாவுக்குத் தெரியும். பெருமையில் கட்டிக்கொள்ள வேண்டிய நேரத்தில், ‘ஏண்டா இப்படிக் காட்டிக்கொடுத்தே’ என்பதுபோல அவனைப் பார்த்தார். ஒரு தாயை இந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் வேறெங்கோ ஏசி அறையில் அட்டவணை திருத்திக்கொண்டிருப்பார்கள்.

அதே முகாமில் ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். காது கேளாத பிள்ளைகளையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அப்பா டீ குடிக்கப் போயிருந்த ஒரு சிறுமிக்கு ‘வரவில்லை’ என்று எழுதப்பட்டது. அவள் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். காது மூக்கு தொண்டை டாக்டர் வந்துவிட்டார், காதைச் சோதிக்கும் கருவி வரவில்லை. எல்லாம் கூடிவந்த ஒரு குடும்பத்துக்கு வேறு வினை: ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கிறது, பிறப்புச் சான்றிதழில் முன்னால் இருக்கிறது. ஊனச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் யுடிஐடி இணையதளம் இரண்டையும் ஒரே பிள்ளை என்று ஒப்புக்கொள்ளவில்லை. இனிஷியலை முன்னே போடுவதா பின்னே போடுவதா என்று தமிழர்கள் முடிவெடுக்கும்வரை அந்தப் பிள்ளைக்கு ஊனம் இல்லை.

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு, அதே 2018 விதிப்படி, எட்டு வயதுக்கு முன்னால் சான்றிதழே கிடையாது. எட்டில் வாங்கியதை 14இல் ஒருமுறை, 18இல் ஒருமுறை மறுபடி வாங்க வேண்டும். நடுவில் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்து அரசாங்கத்தை ஏமாற்றிவிட்டால்?

இந்தச் சோதனையெல்லாம் பிள்ளைக்குத்தான். பள்ளிக்கூடத்தை யாரும் சோதிப்பதில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும், தனியார் பள்ளி உட்பட, இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது சட்டத்தின் 16ஆம் பிரிவு. நம் கரஸ்பாண்டெண்ட்கள் சட்டத்தை மீறுகிறவர்கள் இல்லை. பிள்ளையின் நலனை மட்டுமே நினைக்கிறவர்கள். "அட்மிஷன் இல்லன்னு சொல்லலை சார். எங்க ஸ்கூல் அட்மாஸ்பியர் அவனுக்கு ஒத்துவராது. அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." அதையும் மீறிச் சேர்ந்துவிட்டால், "கூடவே உக்கார ஒரு ஆள் நீங்களே போட்டுக்கங்க. ஃபீஸ் தனி." ஒன்பதாம் வகுப்பு வந்ததும் அந்த அக்கறை இன்னும் பெருக்கெடுக்கும். வாசலில் ‘பத்தாம் வகுப்பில் 100% தேர்ச்சி’ என்று ஃப்ளெக்ஸ் தொங்குகிறதே, அதை 99 ஆக்கிவிடக்கூடியவன் இவன். கூப்பிட்டு, உட்காரவைத்து, காபி கொடுத்து டிசியும் கொடுப்பார்கள். தேறாதவர்களை முன்கூட்டியே அனுப்பிவிட்டு எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று பேனர் கட்டுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். இப்படிச் சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பெரிய பள்ளிகளில் ஒரு பிள்ளையின் வேன் ஃபீஸ் அதைவிட அதிகம்.

அரசுப் பள்ளியில் இந்தத் திமிர் இல்லை, சேர்த்துக்கொள்வார்கள். பள்ளிக்கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் ஏற்றியும் விடுவார்கள். ஏற்றியதோடு கடமை முடிந்தது. சாய்தளம் உண்டு, பெயர்ப்பலகையோடு உண்டு. ஒரு பள்ளியில் அது ஏறிப் போய் இரண்டு படிக்கட்டில் முடிகிறது. இன்னொன்றில் ஹெட்மாஸ்டரின் பைக் அதன் வழியாக ஏறி வராந்தாவில் நிழலில் நிற்கிறது. சாய்தளத்தால் முழுப் பலன் பெற்றவர் இதுவரை அவர்தான்.

சொல்லிக்கொடுக்க ஆள்? அந்தக் கதையை உச்ச நீதிமன்றத்திலிருந்து தொடங்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. மூன்று வருஷத்துக்கும் மேல் கழித்து, 2025 மார்ச்சில், எத்தனை பணியிடம் என்றாவது அறிவியுங்கள் என்று மாநிலங்களுக்கு அதே நீதிமன்றம் கெடு வைக்க வேண்டியிருந்தது. இங்கே இருக்கிற சிறப்புப் பயிற்றுநர்கள் பல வருஷங்களாகத் தொகுப்பூதியத்தில் ஓடுகிறவர்கள். ஒருவருக்கே பல பள்ளிகள். திங்கட்கிழமை ‘அ’ சொல்லிக்கொடுத்த பிள்ளையிடம் ‘ஆ’வோடு திரும்பிவர எத்தனை நாளாகும் என்பது பஸ்ஸையும் டேட்டா என்ட்ரியையும் பொறுத்தது. அந்தப் பயிற்றுநர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பல பிள்ளைகளுக்கு இந்த அரசாங்கம் என்றால் அவர்கள் மட்டும்தான்.

அவர்கள் ஊதியம் வருவது ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவிலிருந்து. அந்தத் திட்டத்தில் இப்படி ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 3,500 ரூபாய் செலவழிக்கலாம். 365ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய ஒன்பது ரூபாய் அறுபது காசு. ஒரு டீ வராது. அதையும் சேர்த்து டெல்லி பிடித்துவைத்தது: 2024–25ஆம் ஆண்டுக்கு இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டிய 2,152 கோடி ரூபாய். மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள், அப்புறம் பணம். இரண்டாம், மூன்றாம் மொழியிலிருந்து தேவைப்பட்டால் விலக்குக் கொடு என்று மாற்றுத்திறனாளிகள் சட்டமே சொல்கிறது. ஒரு மொழியையே எழுத்துக்கூட்ட முடியாமல் விலக்குக் கேட்டு நிற்கிற பிள்ளையின் பணத்தை, மூன்று மொழிக் கொள்கையை ஏற்றுக்கொள்ளவில்லை என்று நிறுத்திவைக்க எப்படித்தான் மனசு வந்ததோ. சென்னை கையெழுத்துப் போட மறுத்தது சரிதான் என்பேன். ஆனால் மேடைக்கு மேடை அந்த 2,152 கோடியைச் சொன்னவர்கள், பணம் ஒழுங்காக வந்த வருஷங்களில் இந்தப் பிள்ளைகள் என்ன வாழ்ந்தார்கள் என்பதையும் அதே மேடையில் சொல்லியிருக்கலாம்.

மேடை என்றதும் டிசம்பர் 3 நினைவுக்கு வருகிறது. உலக மாற்றுத்திறனாளிகள் தினம். அன்றைக்கு மட்டும் பிள்ளைகளைக் கூட்டிவர வண்டி கிடைக்கும். காலை ஒன்பதுக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தால் பிரமுகர் பன்னிரண்டரைக்கு வருவார். பிள்ளைகள் ஆடுவார்கள், பிரமுகர் கண்ணைத் துடைத்துக்கொள்வார், போட்டோ எடுப்பார்கள். "இவர்கள் தெய்வக் குழந்தைகள்" என்று பேசுவார். தெய்வத்துக்கு டீச்சர் வேண்டியதில்லை, கழிப்பறை வேண்டியதில்லை. சிக்கனமான பாராட்டு.

எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. முகாமை அப்படியே வைத்துக்கொள்வோம், வரிசையை மட்டும் மாற்றுவோம். கரஸ்பாண்டெண்ட், ஹெட்மாஸ்டர், மாவட்ட அதிகாரி, செயலர், அமைச்சர் எல்லாரும் வரட்டும். கேள்விப் பட்டியல் தயார். சாய்தளத்தையும் பைக் ஸ்டாண்டையும் பிரித்தறிவாரா? காது கேளாத பிள்ளையைக் கூப்பிட நான்கு அடி எழுந்து நடப்பாரா? பிறர் உதவியின்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் படித்து முடிப்பாரா? சொன்னதைத் தானாகச் செய்வாரா, கெடு வைத்தால்தான் செய்வாரா? தேறாதவர்களை ஊனமுற்றோர் என்று எழுதிப் பிள்ளைகளை அவமானப்படுத்த வேண்டாம். 40க்குக் கீழே வாங்கினால் பள்ளிக்கு அங்கீகாரப் புதுப்பிப்பு இல்லை, அதிகாரிக்குப் பதவி உயர்வு இல்லை, அமைச்சருக்குச் சீட் இல்லை, அவ்வளவுதான். அசலோடு மூன்று ஜெராக்ஸ். இனிஷியல் எல்லாவற்றிலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிட வேண்டும். டாக்டர் வர பதினொன்றரை ஆகும், வராமலும் போகலாம். நாற்காலி இருக்காது. குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுவது நல்லது.