பேட்டரி மேல் பழி

காரின் பேட்டரி என்பது பானெட்டுக்குள் ஒரு மூலையில், யார் வம்புக்கும் போகாமல் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஆறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஈயத் தகடுகள், அவை முழுகும் அளவுக்கு நீர்த்த கந்தக அமிலம். அறைக்கு 2.1 வோல்ட் வீதம் ஆறும் சேர்ந்து 12.6 வோல்ட் தரும். ‘பன்னிரண்டு வோல்ட் பேட்டரி’ என்பது வாய்க்கு வசதியாக வைத்த பெயர். மீட்டரில் உண்மையிலேயே 12.0 காட்டினால் பேட்டரி ஏறக்குறைய முக்கால்வாசி காலி என்று பொருள். பிரான்ஸ் நாட்டு காஸ்டன் பிளாண்டே 1859-ல் செய்து காட்டிய ஈயமும் அமிலமும்தான் இன்றும் பெரும்பாலான கார்களில் இருக்கின்றன. காருக்குள் தொடுதிரை வந்துவிட்டது; பேட்டரிக்குள் விக்டோரியா மகாராணி காலத்து ரசாயனமே நடக்கிறது.

வண்டி கிளம்பாத காலை வேளையில் தெருவில் கூடும் நிபுணர்கள் அனைவரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்கள்: “பேட்டரிதான் சார்.” பேட்டரி எதிர்த்துப் பேசாது என்பதால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். புது பேட்டரி வாங்கிப் போடப்படும். நான்கு நாள் கழித்து அதுவும் படுத்துவிட்டால், “புதுசும் டூப்ளிகேட் போல” என்று மறு தீர்ப்பு வரும்.

பேட்டரியின் முதல் வேலை செல்ஃப் மோட்டாரைச் சுற்றுவது. 1912-ல் கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வரும்வரை அந்த வேலை மனிதக் கையுடையது. ஹேண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்தவர்கள் பலர். சின்ன காரின் செல்ஃபே நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆனால் அந்தப் பசி இரண்டு நொடிதான். 150 ஆம்பியர் வீதம் இரண்டு நொடி என்று வைத்துக்கொண்டால், 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. பேட்டரியைக் கொல்வது பெரிய செலவு அல்ல. மூடாத டிக்கிக்குள் விடிய விடிய எரியும் 5 வாட் பல்புதான். வெள்ளி இரவு விட்டால் திங்கள் காலைக்குள் அது இருபது ஆம்பியர்-மணிக்குக் குறையாமல் குடித்துவிடும்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியின் பொறுப்பு முடிந்து, ஆல்டர்னேட்டரின் ஆட்சி தொடங்குகிறது. பெல்ட்டால் சுற்றப்படும் இது மாறுதிசை மின்சாரத்தை உண்டாக்கும். டயோடுகள் அதை நேர்திசையாக்கும். ரெகுலேட்டர் வோல்ட்டேஜ் எகிறாமல் பிடித்துக்கொள்ளும். விளக்கு, ஏசி மின்விசிறி, பாட்டு எல்லாவற்றுக்கும் படியளந்துவிட்டு, மீதியைப் பேட்டரிக்கு ஊட்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை இருந்தால் குடும்பம் நன்றாக நடக்கிறது. 12.6-லேயே நின்று மெல்ல இறங்கினால் ஆல்டர்னேட்டர் சம்பாதிக்கவில்லை. பேட்டரி சேமிப்பை எடுத்துக் குடும்பம் நடத்துகிறது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கைவிட்டுவிட்டது, அமிலம் கொதித்துத் தண்ணீர் வற்றும். சில புதிய கார்களில் சார்ஜிங்கைக் கம்ப்யூட்டரே தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும். அங்கே ஒரு தடவை பார்த்த எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

இங்கே ஒரு பழைய வித்தையைக் கண்டித்தாக வேண்டும். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி, “பார்த்தீங்களா, வண்டி ஓடுது, டைனமோ நல்லா இருக்கு” என்று காட்டுவது டைனமோ காலத்து வீரம். ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிச் செய்தால் வோல்ட்டேஜ் திடீரென்று எகிறி, டயோடும் கம்ப்யூட்டர் பெட்டியும் போகலாம். ஐந்நூறு ரூபாய் மீட்டர் சொல்லும் பதிலுக்கு அந்த விலை அதிகம்.

பராமரிப்பு பெரும்பாலும் டெர்மினலைப் பார்ப்பதுதான். ஆயுத பூஜையன்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கப்படுகிறது. பானெட்டின் மேல் சந்தனமும் குங்குமமும் ஏறுகின்றன. பானெட்டுக்குள் டெர்மினலில் மட்டும் யாரும் பூசாமலேயே ஆண்டு முழுக்க விபூதி பூத்திருக்கிறது. அமில ஆவி உலோகத்தைத் தின்று விட்டுச்சென்ற உப்பு அது. மின்சாரம் அதைத் தாண்டிப் போக முடியாமல் திணறும். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்து அடங்கும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, இறுக்கி முடுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும். சோடாத் தண்ணீர் மூடித் துளை வழியே உள்ளே இறங்கிவிடக் கூடாது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்பவரின் ஸ்பானர் ஒரு பக்கம் பிளஸ்ஸையும் மறு பக்கம் பாடியையும் தொட்டால், அந்த வீட்டில் அன்று வெல்டிங் கற்றுக்கொள்ளப்படும்.

மூடி திறக்கக்கூடிய பேட்டரியானால் தகடுகள் முழுகியிருக்கின்றனவா என்று பார்த்து, டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். கேன் தண்ணீர் ஆகாது. குடிக்கத் தகுந்தது எல்லாம் பேட்டரிக்குத் தகுந்ததல்ல. ஆசிட்டும் ஊற்றக் கூடாது, வற்றியது தண்ணீர்தான். உள்ளே இருட்டாக இருக்கிறதே என்று தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்கள் அரிது. ஆனால் பேட்டரிக்கு மேலே சேர்ந்திருப்பது ஹைட்ரஜன் என்பதால், அப்படிப்பட்டவர் ஒருவர் இருந்தாலே அதிகம்.

மூடி திறக்காத வகையில் ‘பச்சைக் கண்’ இருக்கும். பச்சை தெரிந்தால் நலம் என்று ஸ்டிக்கர் சொல்லும். அந்தக் கண் பார்ப்பது ஆறு அறைகளில் ஒன்றை மட்டும். ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவனின் ரேங்க் கார்டை மட்டும் காட்டி, எல்லோரும் பாஸ் என்று சொல்வதற்கு ஒப்பானது அது.

கோளாறைக் கண்டுபிடிக்கக் காதே முதல் கருவி. சாவியைத் திருப்பியதும் ‘டக்கடக்கடக்’ என்று அடித்து மீட்டர் விளக்குகள் மங்கினால், பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் லூஸ். விளக்குகள் பளிச்சென்று எரிய ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால், செல்ஃப் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் பேட்டரி நிரபராதி. பெட்ரோல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். சத்தமே இல்லாவிட்டால், ஆட்டோமேட்டிக் வண்டியாயின் கியர் ‘பி’-யில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் செய்வது மானத்தைக் காப்பாற்றும்.

அடுத்து மீட்டர். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு அளந்தால் 12.6 முழுது, 12.4 முக்கால், 12.2 பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், முழு சார்ஜில் இருந்தும் விழுந்தால், அந்தப் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. விழாவிட்டால் கடைக்காரரிடம் பணப்பையைத் திறக்க வேண்டாம். மழை நாளில் ‘கிரீச்’ என்று கத்தும் பெல்ட், டாஷ்போர்டில் அணையாத பேட்டரி விளக்கு ஆகியவை ஆல்டர்னேட்டர் பக்கத்துச் சாட்சிகள். அந்தச் சிவப்பு விளக்கில் பேட்டரியின் படம் வரைந்திருப்பதால், அதைப் பார்த்தும் பேட்டரியையே மாற்றுகிறார்கள். ‘சார்ஜ் ஏறவில்லை’ என்பதுதான் அதன் பொருள்.

வண்டி நின்றிருக்கும்போதும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் ஆகியவை கொஞ்சம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை நியாயம். அந்த நியாயமே நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதம்கூடத் தாங்காது. பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்கா போகும் தம்பதியர் ஆறு மாதத்துக்குக் காரை உறைபோட்டு மூடி, “வாரம் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க தம்பி” என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவி கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவனும் மறக்காமல் ஐந்து நிமிடம் ஓட்டி அணைக்கிறான். ஒரு வாரத்தில் போனது 8.4, நின்ற இடத்தில் ஐந்து நிமிடத்தில் முப்பது ஆம்பியர் வீதம் ஏறினாலும் வருவது 2.5. மைனஸைக் கழற்றிவிட்டுப் போயிருந்தால் பையனுக்கும் தொல்லையில்லை. கடிகாரம் தப்பாக ஓடும், அவ்வளவுதான்.

படுத்த பேட்டரியை அடுத்த வண்டியிலிருந்து எழுப்புவதற்கும் வரிசை உண்டு. சிவப்பு ஒயர் இங்கே பிளஸ், அங்கே பிளஸ். கறுப்பு ஒயர் நல்ல பேட்டரியின் மைனஸில் ஒரு முனை, மறுமுனை படுத்த வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில். கடைசி இணைப்பில் தெறிக்கும் பொறி பேட்டரிக்கு மேலுள்ள வாயுவுக்கு எட்டாமலிருக்கவே இந்த ஒதுக்கம். தள்ளு ஸ்டார்ட் மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளுவதால் தள்ளுபவர்களுக்கு உடற்பயிற்சி ஆகும்.

பேட்டரிக்குக் குளிரைவிட வெயிலே கொடியது. குளிர் அன்றைய பலத்தைத்தான் குறைக்கும். வெயில் ஆயுளையே தின்னும். தென்னாட்டுப் பேட்டரி ஊட்டிக் காலையில் முக்குவதற்குக் காரணம், பல நேரம் அதற்கு முந்தைய சென்னை மே மாதம்.

இத்தனையும் பார்த்த பின்னும் பேட்டரிதான் குற்றவாளி என்று உறுதியானால் மாற்ற வேண்டியதுதான். பழையதைக் காயலான் கடையில் போட வேண்டாம்; அமிலம் சாக்கடையில் போகும். புதிது வாங்கும் கடையிலேயே கொடுங்கள். உள்ளே இருக்கும் ஈயத்துக்காக, விலையில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள்.