ஒசாக்காவில் ஓடிய தமிழ்

நம் இங்கிலீஷ் நன்றாகச் செல்லுபடியாக வேண்டுமென்றால் இங்கிலீஷ் அதிகம் புழங்காத நாட்டுக்குப் போக வேண்டும். இது என் கட்சி. லண்டனில் சாண்ட்விச் கடைக்காரர் ஏதோ கேட்பார், புரியாது. 'பார்டன்?' என்றால் அதையே அதே வேகத்தில், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். மூன்றாவது தடவை கேட்க மானம் இடம் கொடுக்காது. 'யெஸ்' என்று சொல்லிவிட்டு, அவர் எதை உள்ளே வைத்துக் கொடுக்கிறாரோ அதைத் தின்றுவிட்டு வர வேண்டியதுதான்.

ஜப்பானில் இந்தத் தொல்லை இல்லை. 'கியோட்டோ, டூ டிக்கெட்' போதும். 'குட் யூ ப்ளீஸ் டெல் மீ' என்று மரியாதையாக ஆரம்பித்தால்தான் கவுன்ட்டரில் இருப்பவர் முகம் வெளிறுகிறது. இலக்கணத்தைக் கழற்றிவிட்டால் இரண்டு பேருக்கும் மூச்சு வருகிறது.

என் மனைவி இதற்கும் ஒரு படி மேலே போய், நாடு முழுக்கத் தமிழிலேயே பேசினாள். "ஐயா, இந்த வண்டி ஒசாக்கா போகுமா?" ரயில்வே ஊழியர் தலை வணங்கி, எதிர் பிளாட்பாரத்தைக் கையை நீட்டிக் காட்டினார். "ஊர்ப் பேரைச் சொல்லி ஒரு இழுப்பு இழுத்தா எந்த ஊர்லயும் புரியும்ங்க" என்றாள். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் பல வருஷம் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தச் சண்டையைப் பற்றிக் கேள்விப்படாமலேயே என் மனைவி ஓனோ பக்கம் சேர்ந்துவிட்டாள்.

நியாயமாகச் சொன்னால், நம் மாதிரி ஆட்கள் வருவார்கள் என்று அவர்களும் தயாராகத்தான் இருக்கிறார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு வருகிறவர்களுக்கு எழுத்துப் புரியாதே என்று, கழிப்பறை முதல் விளையாட்டுகள் வரை எல்லாவற்றுக்கும் பொம்மைப் படம் போட்டார்கள். 2004-ல் டோக்கியோ மெட்ரோ ஸ்டேஷன்களுக்கு எழுத்தும் எண்ணும் கொடுத்தார்கள். கின்ஸா பெயர் வாயில் நுழையாவிட்டால் 'ஜி 09' என்று தேடலாம். ஓட்டல் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டிக்கில் செய்த சாப்பாடு இருக்கிறது. விரலை நீட்டினால் முடிந்தது.

கழிப்பறை விஷயத்தில் ஜப்பான்காரர்கள் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியவர்கள். லண்டனில் காலித் தண்ணீர் பாட்டிலைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு போகும் இனம் நாம். இங்கே டோட்டோ கம்பெனி 1980-லேயே தண்ணீர் பீச்சும் கழிப்பறை இருக்கையைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. வெந்நீர்கூட வருகிறது. "இவங்கதாங்க மனுஷங்க" என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள்.

கியோட்டோ சத்திரத்து அம்மாளும் இவளும் முதல் நாளே சிநேகிதிகள் ஆனார்கள். நான் கழற்றிப் போட்ட செருப்பை இவள் வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். சத்திரத்து அம்மாளும் அதற்குத்தான் குனிந்தவர். இருவரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு எந்த மொழியும் வேண்டியிருக்கவில்லை. கழிப்பறைக்குத் தனிச் செருப்பு, அதோடு வெளியே வந்தால் மானம் போகும் என்பதையும் அந்த அம்மாள் கைஜாடையிலேயே புரியவைத்தார்.

எஸ்கலேட்டர் இன்னொரு கூத்து. டோக்கியோவில் இடப்பக்கம் நிற்கிறார்கள், ஒசாக்காவில் வலப்பக்கம். தெருவில் குப்பைத் தொட்டி கண்ணில் படுவது அபூர்வம். 1995-ல் சுரங்க ரயிலில் விஷவாயு வீசிய பிறகு நிறையத் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். மேஜையில் டிப்ஸ் வைத்தால், மறந்துவிட்டீர்கள் என்று தெருமுனை வரை ஓடி வந்து திருப்பிக் கொடுப்பார்கள். நம் சில்லறையை வாங்கிக்கொள்ள வைப்பதற்கு ஜப்பானில் வழியே இல்லை.

சைவம்தான் பெரும்பாடு. ஒசாக்காவில் ஒகோனோமியாக்கி என்று முட்டைகோஸ் போட்ட தடித்த அடை. மாமிசம் வேண்டாம், மீன் வேண்டாம் என்று நான் இங்கிலீஷிலும் மனைவி கையாலும் சொல்ல, சமையல்காரர் பலமாகத் தலையாட்டினார். வந்த அடையின் மேல் மெல்லிய பழுப்புச் சீவல்கள் ஆவியில் நெளிந்துகொண்டிருந்தன.

"என்னங்க, இது இன்னும் உயிரோட இருக்குங்க!"

காய்ந்த மீனைச் சீவியது. அவர் ஏமாற்றவில்லை. நாம் பெருங்காயத்தைக் காய்க்கணக்கில் சேர்க்காத மாதிரி அவர்களுக்கு அது மீன்கணக்கில் வராது. மனைவி காகிதத்தில் மீன் படம் வரைந்து அடித்துக் காட்டினாள். அவர் இரண்டு கைகளையும் பெருக்கல் குறி போட்டார். ஒன்றும் தேறாது என்று அர்த்தம்.

அவர் மனம் வருந்தி, வெறும் சோறும் வெள்ளரிக்காயும் தந்தார். எந்த ஊர் என்று ஜாடையில் கேட்டார். 'இந்தியா' என்றதும், பக்கத்து ஸ்டூலில் இருந்த பெரியவர் எழுந்து "முத்து! ரஜினி!" என்று துண்டைத் தோளில் சுழற்றிப் போட்டார். 1998-ல் ஜப்பானில் ஓடு ஓடென்று ஓடிய படம். அவர் ஜப்பானியத்தில் ஏதோ காட்சியை விவரிக்க, இவள் தமிழில் கதாநாயகி மீனாவுக்காக வாதாட, அரைமணி நேரம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பெரியவர் என் பக்கம் திரும்பி, நிறுத்தி நிதானமாக இங்கிலீஷில் ஒன்று சொன்னார். நான் விழித்தேன்.

"தண்ணி ஜாடியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்றாருங்க" என்றாள் மனைவி.